நாலு நிமிடத் தாளம்

சான் ஹுவான் துறைமுகத்தில் கப்பல் ஏற வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் பதினெட்டு முதுகுகள் இருந்தன. பதினெட்டிலும் என் தம்பி அன்செல்மோ சிரித்துக்கொண்டிருந்தான்.

எல்லாம் நெரெய்தாவின் ஏற்பாடு. அவள் அன்செல்மோவின் மனைவி, பிப்ரவரியிலிருந்து விதவை. குடும்பத்தோடு ஒரு வாரம் கப்பலில் போக வேண்டும் என்பது அவன் ஆசையாம். அதற்காக மஞ்சள் பனியன் அடித்து, முதுகில் அவன் படத்தைப் போட்டு, கீழே 'நீ இல்லாமல் தாளமில்லை' என்று எழுதி ஆளுக்கொன்று கொடுத்துவிட்டாள். எனக்கும் ஒன்று. அறுபத்திரண்டு வயதில் தம்பியின் மூஞ்சியை முதுகில் சுமந்துகொண்டு நின்றேன்.

தாளம் பிடித்தது நான். ஐம்பத்தொரு வருடம். அதைப் பனியனில் யாரும் எழுதவில்லை.

எங்கள் ஊர் போன்சேயில் ப்ளேனா பாட்டு என்றால் மூன்று பந்தேரோ வேண்டும். வட்டச் சட்டத்தில் ஆட்டுத்தோல் இழுத்துக் கட்டி, கையால் அடிப்பது. பெரியது ஒரே தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். நடுத்தரமானது அதற்குப் பதில் சொல்லும். சின்னது இஷ்டத்துக்கு விளையாடும். துள்ளும், வம்புக்கு இழுக்கும், நடுவில் சட்டென்று மௌனமாகி, கூட்டத்தையே மூச்சுப் பிடிக்க வைத்து, மறுபடி வந்து குதிக்கும். பெரியதை யாரும் கவனிப்பதில்லை. வீட்டில் மின்விசிறி ஓடுவதை யார் கவனிக்கிறார்கள்?

அப்பா பந்தேரோக்களைப் பிரித்துக் கொடுத்தபோது எனக்குப் பதினோரு வயது, அன்செல்மோவுக்கு ஆறு. அவன் கை சின்னது, அதனால் சின்னது அவனுக்கு. வேறு காரணமே கிடையாது. பிறகு அவன் கை வளர்ந்தது. யாரும் மாற்றிக் கொடுக்கவில்லை.

சோதனை மேடையில் அன்செல்மோவின் மகள் யாரெலிஸ் ஒரு தலையணை உறையை வைத்தாள். காவலர் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"உள்ள என்னம்மா?"

"எங்கப்பாவோட பந்தேரோ."

அவர் எங்கள் பனியன்களைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். "போன்சே அன்செல்மோவா? எங்க கல்யாணத்துல வாசிச்சாரும்மா. அந்தக் கையை மறக்க முடியுமா?" இரண்டு கையாலும் எடுத்து, பச்சைக் குழந்தையைத் தருவதுபோல அவளிடம் கொடுத்தார்.

அடுத்து என் பை வந்தது.

"இது?"

"பந்தேரோ."

"சரி, நகருங்க. பின்னாடி ஆள் நிக்குது."

அந்தக் கல்யாணத்திலும் நான்தான் பெரியது வாசித்திருப்பேன்.

*

மறுநாள் முழுக்கக் கடல்தான். மதியம் நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். எங்கள் ஆட்கள் எந்தக் கப்பலில் ஏறினாலும் இது நடக்கும், கப்பல்காரர்களும் பழகிவிட்டார்கள். மாமா மகன் பாப்போ நடுப் பந்தேரோவைத் தட்டிப் பார்த்தான். நான் என் பெரியதை மடியில் வைத்தேன்.

"சின்னது யாரு?" என்றான் பாப்போ.

சொல்ல வேண்டிய வார்த்தையைக் காலையிலிருந்தே வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். "நான் வேணா இன்னைக்கு மட்டும்…"

"வேணாம் பெரியப்பா," என்றாள் யாரெலிஸ். மரியாதையாகத்தான் சொன்னாள். "நீங்க பெரியதை விட்டா யாரு பிடிக்கிறது? அப்பாவுது நாற்காலியில இருக்கட்டும்."

காலி நாற்காலியில் சின்னதை வைத்தார்கள். நாங்கள் இரண்டு பேர் வாசித்தோம். சின்னது குதிக்க வேண்டிய இடங்களில் எல்லாம் வெற்றிடம். அந்த வெற்றிடம் ஒவ்வொன்றுக்கும் கூட்டம் கை தட்டியது. நெரெய்தா அழுதாள். முன்பின் தெரியாத ஒரு அம்மாள் நாற்காலியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, என் காலை மிதித்துக்கொண்டு போனாள்.

செத்தவன்மேல் பொறாமைப்படுவது பாவம் என்று எனக்கும் தெரியும். நான் பொறாமைப்பட்டது ஒரு நாற்காலியின்மேல்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. பிப்ரவரியில் போன்சே கடற்கரையில் மீன் பொரிக்கும் கடை வாசலில் வாசித்துக்கொண்டிருந்தோம். பாப்போ எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். பாட்டின் நடுவே அன்செல்மோ வழக்கம்போல மௌனமானான். தலை குனிந்தது. எல்லாரும் அவன் மறுபடி வந்து குதிக்கக் காத்திருந்தார்கள். நான் தாளத்தைப் பிடித்திருந்தேன். நாலு நிமிடம். பிறகுதான் அவன் நாற்காலியிலிருந்து சரிந்தான்.

பாவம் எலாதியோ, கவனிக்காமல் வாசித்துக்கொண்டே இருந்துவிட்டான் என்று என்னைப் பற்றிச் சொன்னார்கள்.

கவனித்தேன். அவன் கை தோலை விட்டு நழுவியதையும் உதடு நீலமானதையும் முதல் நிமிடத்திலேயே பார்த்தேன். ஆனால் அன்றுதான், வாழ்க்கையில் முதல் தடவையாக, என் தாளம் மட்டும் தனியாகக் கேட்டது. கடைக்காரன் கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டான். ஒருத்தி கண்ணை மூடித் தலையாட்டினாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அடித்தேன்.

யாரோ அதைப் படமெடுத்தும் இருந்தார்கள். குடும்பம் மொத்தமும் அந்த வீடியோவை நூறு தடவை பார்த்துவிட்டது. அதில் நான் அவனைப் பார்ப்பது தெளிவாகத் தெரியும். ஆனால் எல்லாரும் அன்செல்மோவையே பார்த்ததால் என்னை ஒருவரும் பார்க்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அது எனக்கு நல்லதாய்ப் போயிற்று.

*

கடல் காற்றில் ஆட்டுத்தோல் தொய்ந்துவிடும். எங்கள் பந்தேரோக்களில் திருகாணி கிடையாது, ஆணி அடித்த தோல். கரையில் என்றால் நெருப்பில் காட்டுவோம். கப்பலில் நெருப்புக்கு ஏது வழி, முடி உலர்த்தும் மெஷின்தான்.

நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது யாரெலிஸிடம் அதைத்தான் சொன்னேன். "தோல் தொளதொளன்னு ஆயிருக்கும்மா. கொடு, ரூம்ல சூடு காட்டித் தரேன்."

அவள் யோசித்தாள். "வாசிக்க மாட்டீங்களே பெரியப்பா?"

"எனக்கெதுக்கும்மா அது?"

என் பெரியதைப் பாப்போவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தலையணை உறையோடு கீழே இறங்கினேன். எங்கள் அறைக்கு ஜன்னல் இல்லை. இருந்ததிலேயே மலிவு அதுதான். மனைவி மில்தா மேலே பிங்கோ விளையாடிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தியதும் மதியம் மூன்று மணி என்பதே மறந்துபோயிற்று. கட்டில் விளக்கை மட்டும் போட்டேன். எங்கோ அடியில் கப்பலின் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

மெஷினைச் செருகிவிட்டுப் பந்தேரோவை உறையிலிருந்து எடுத்தேன்.

தோல் சூடாக இருந்தது.

வெயில் பட்ட சூடு என்று நினைத்தேன். நாற்காலி நிழலில் இருந்தது பிறகுதான் ஞாபகம் வந்தது. விரலால் சுண்டினேன். கணீரென்றது. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு தொய்வு இல்லை. யாரோ அப்போதுதான் ஒரு மணி நேரம் வாசித்துவிட்டுக் கீழே வைத்ததுபோல இருந்தது.

அதோடு ஒரு வாசனை. இலை ஊறப்போட்ட சாராயம். எங்கள் ஊரில் தலைவலி, கால்வலி எல்லாவற்றுக்கும் அதைத்தான் தேய்ப்பார்கள். அன்செல்மோ வாசிக்க உட்காரும் முன் மணிக்கட்டில் தேய்த்துக்கொள்வான்.

வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஐம்பத்தொரு வருடம் காத்திருந்த கை கேட்கவில்லை.

முதலில் மெதுவாக. இரண்டு தட்டு, ஒரு உருட்டல். இது இவ்வளவு லேசானதா என்று ஆச்சரியமாக இருந்தது. இதற்கா ஊரே அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடியது? இன்னும் கொஞ்சம் வேகம். என் விரல்கள் நானறியாத சேட்டையெல்லாம் செய்தன. வாய் தானாகச் சிரித்தது.

அப்போது இன்னொரு சத்தம் கேட்டது.

தும். தும். தும், தும்.

பெரிய பந்தேரோ.

இயந்திரம் என்று நினைத்தேன். இல்லை. அது என் தாளம். என் கட்டைவிரல் நாலாவது அடிக்கு ஒரு துளி பிந்தி விழும். "அண்ணனோட கட்டைவிரல் மட்டும் பஸ்ஸை விட்டுட்டு நடந்து வரும்" என்று அன்செல்மோ ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்த பிழை அது. அந்தப் பிழையோடு, அலமாரிப் பக்கத்து இருட்டிலிருந்து, பொறுமையாக வந்துகொண்டிருந்தது.

என் பெரியது பாப்போவிடம் இருந்தது. ஏழு தளம் மேலே.

பயம் வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அதற்கு முன்னால் சந்தோஷம் வந்தது. எனக்கு ஒருவன் தாளம் பிடிக்கிறான். முதல் தடவையாக, நான் முன்னால், இன்னொருவன் பின்னால். அடித்தேன். வியர்க்க வியர்க்க அடித்தேன். பிறகு சின்னதை வாசிப்பவன் செய்வதைச் செய்தேன்.

மௌனமானேன்.

தாளம் தனியாக நடந்தது. தும். தும். தும், தும்.

ஒரு சுற்று. இரண்டு சுற்று. இப்போது குதிக்க வேண்டும். கையைத் தூக்கினேன்.

கை வரவில்லை.

தோள்பட்டையிலிருந்து ஒரு பாரம் இறங்கி நெஞ்சில் உட்கார்ந்தது. மூச்சு பாதியில் நின்றது. மில்தாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன், சத்தம் இல்லை. என் கை தோலை விட்டு நழுவி மடியில் விழுவதை நானே பார்த்தேன்.

தாளம் நிற்கவில்லை.

அலமாரி ஓரத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். முகம் தெரியவில்லை. முகம் என் பக்கம் திரும்பியிருந்தது மட்டும் தெரிந்தது. என்னைப் பார்த்தபடியே அடித்துக்கொண்டிருந்தது. இலைச் சாராய வாசனை கட்டிலுக்கு வந்தது.

"அண்ணே."

காதோரம், வாசிக்கும்போது பேசும் தணிந்த குரல்.

"தனியா அடிச்சா நல்லா இருக்குல்ல?"

நிறுத்துடா என்று கெஞ்சினேன், உள்ளுக்குள். நான் செத்துப்போயிடுவேன்டா.

"இன்னும் கொஞ்சம் அண்ணே."

கட்டைவிரல் இப்போது பிந்தவில்லை. நாலாவது அடி சரியாக அதன் இடத்தில் விழுந்தது. ஐம்பத்தொரு வருடம் நான் தவறவிட்ட இடத்தில், ஒவ்வொரு தடவையும்.

கண் இருட்டிக்கொண்டு வந்தபோது கதவு தட்டப்பட்டது.

தாளம் நின்றது.

*

மில்தாவின் மாற்றுச் சாவியோடு யாரெலிஸ்தான் வந்திருந்தாள். கப்பல் மருத்துவர் வந்தார், ஊசி போட்டார், அடுத்த துறைமுகமான செயின்ட் தாமஸில் இறக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இதயம்தான். பிழைத்துக்கொண்டேன். வலது கை மட்டும் நெஞ்சுக்கு மேல் எழும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் யாரெலிஸ் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"என்னை மன்னிச்சிருங்க பெரியப்பா. நான் முன்னாடியே வந்துட்டேன். உள்ள நீங்க வாசிச்சிட்டிருந்தீங்க. சின்னதுன்னா கோவம் வந்திருக்கும். பெரியது. அப்படியே நின்னுட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிஷம் இருக்கும். நான் மட்டும் இல்ல, அந்த வழியா போன எல்லாரும் நின்னாங்க. ஒரு தாத்தா கண்ணைத் தொடைச்சாரு. நீங்க அவ்வளவு நல்லா வாசிச்சு நான் கேட்டதே இல்ல பெரியப்பா. அந்தக் கட்டைவிரல்கூடத் தப்பல."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்னை ஊர் கேட்டது என்று சொல்ல இரண்டு தடவைதான் வாய்த்தது. ஒன்றில் அவன் செத்துக்கொண்டிருந்தான். இன்னொன்றை வாசித்ததே அவன்.

சின்னது இப்போது யாரெலிஸிடம் இருக்கிறது. நன்றாகத்தான் வாசிக்கிறாள், நான் போய்க் கேட்பதில்லை. என் பெரியதைப் பாப்போ கொண்டுவந்து கொடுத்தான். அதைக் கூடத்துச் சுவரில் மாட்டினேன். இந்தக் கையால் இனி அதைத் தொட்டு என்ன ஆகப்போகிறது?

தினமும் மதியம் மூன்று மணிக்கு அது ஆரம்பிக்கும். மில்தா அப்போது கடையில் இருப்பாள். நான் வாசலில் நாற்காலி போட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்துவிடுவேன். உள்ளே தும், தும் என்று நடக்கும், ஒரு துளி பிசகாமல். முதல் வாரம் கத்தியை எடுத்துக்கொண்டு போய்த் தோலுக்கு முன்னால் நின்றேன். தோல் சூடாக இருந்தது. கிழித்திருக்க வேண்டும்.

தெருவில் போகிறவர்கள் அதற்குள் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். நேற்று தபால்காரர் வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, முழுவதும் கேட்டார். சத்தம் வீட்டுக்குள்ளிருந்து வருகிறது, நானோ வாசலில் இருக்கிறேன். அது அவருக்குத் தோன்றவே இல்லை. என்னை யாரும் அவ்வளவு கூர்ந்து பார்ப்பது கிடையாது.

"எலாதியோ ஐயா, உங்க தம்பியைத்தான் எல்லாரும் பேசுவாங்க," என்றார். "ஆனா உண்மையான கை உங்களுதுதான்."

"நன்றி," என்றேன்.

அவர் வண்டி தெருமுனை திரும்பும் வரை தாளம் நிற்கவில்லை. பிறகு என் தோளுக்குப் பின்னால், கதவிடுக்கில், இலைச் சாராய வாசனை வந்து நின்றது.