கைப்பிடியை இழுக்காதவர்கள்

விழித்ததுமே முத்துப்பேச்சிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கெண்டைக்கால் இரண்டும் கல்லாய் இறுகிக் கிடந்தன. ஊரில் இருந்த கனத்தில் ஆறில் ஒரு பங்குதான் இங்கே நிலாவில் அவள் உடம்புக்கு. வலி மட்டும் கொஞ்சமும் குறையாமல் முழுசாக வந்து சேர்ந்திருந்தது. முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு, எடை வாங்கும் வரிசையில் போய் நின்றாள்.

ரேஷன் கடை வரிசை போலத்தான் அதுவும். முன்னால் நிற்பவன் கொட்டாவி விடுவான், பின்னால் நிற்பவள் முதுகில் இடிப்பாள். நிலாவின் இழுப்பிலேயே ஒரு மனிதனை விட்டுவைத்தால் அவன் எலும்பு நாளாக நாளாகச் சுண்ணாம்புபோல் உதிரும். அதனால் பாறையைக் குடைந்து பெரிய வளையம் ஒன்றை அமைத்து, அதை ஓயாமல் சுழல விட்டிருந்தார்கள். உள்ளே போகிறவருக்கு அந்தச் சுழற்சியே எடை கொடுக்கும். தினமும் காலையில் எல்லோரும் போய்த் தங்கள் கனத்தை வாங்கி, கொஞ்ச நேரம் சுமந்து நடந்துவிட்டு, அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள்.

வேலை, சூரியனையே காணாத பள்ளங்களில் மண்ணோடு உறைந்து கிடக்கும் பனியைச் சுரண்டி வாருவது. தூத்துக்குடி உப்பளத்து ஆட்களைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார்கள். வெள்ளைத் தரையைக் குனிந்து வாரிப் பழகிய முதுகுகள். இதை இயந்திரம் செய்யாதா என்று கேட்கலாம். செய்யும். ஆனால் இயந்திரம் உடைந்தால் பூமியிலிருந்து உதிரிப்பாகம் வர வேண்டும். ஆள் உடைந்தால் பக்கத்துப் படுக்கையிலிருந்து இன்னோர் ஆள் வருவான்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், ஆட்கள் உள்ளுக்குள் உடைய ஆரம்பித்தார்கள். வடக்குக் குழியின் கூரை சரிந்து ராயப்பன் என்பவன் புதைந்துபோனதிலிருந்து அது ஆரம்பம். அவனோடு வாரிக்கொண்டிருந்த ஐகோர்ட்துரை மூன்றடி தள்ளி நின்றதால் பிழைத்தான். பிழைத்தவன் தூங்கவில்லை. சோற்றைக் கையில் எடுத்துக்கொண்டு வாய்க்குக் கொண்டுபோக மறந்து உட்கார்ந்திருப்பான். வடக்குக் குழிக்கு யாரும் போகமாட்டோம் என்றார்கள். கூரைக்கு முட்டுக் கொடுத்துப் பலப்படுத்த வேண்டும், அதுவரை குழி மூடல் என்று நிர்வாகமும் ஒத்துக்கொண்டது.

ஆனால் மூடிய குழியால் யாருக்கும் லாபமில்லை. அதனால் நலத்துறை அலுவலர் சாருமதி ஒரு திட்டம் கொண்டுவந்தார். எல்லோர் காதுக்குப் பின்னாலும் நெல்மணி அளவில் ஒரு கருவி பதித்திருந்தார்கள். அதற்கு உரமானி என்று பெயர். மனம் எவ்வளவு தாங்கும், எங்கே முறியும் என்று அது கணக்கிட்டுச் சொல்லும். தாங்கும் திறனை வளர்க்க முடியும் என்று பழைய ஆராய்ச்சிகள் சொல்லின. வழி, ஓட்டம். கால் போதும் என்று கெஞ்சும்போது மனம் இன்னும் என்று சொல்லப் பழக வேண்டும். அப்படிப் பழகிய மனம் மற்ற துயரங்களையும் அதேபோல் தாங்கும். பூமியில் அலுவலகம் அலுவலகமாக மனிதர்கள் வேலையில் நசுங்கிக்கொண்டிருந்த காலத்தில், வேலையைக் குறைப்பதற்குப் பதிலாகக் காலணி வாங்கி ஓடிய கதையிலிருந்து வந்தது இந்த முறை.

அறிவிப்பு ஒரே நாளில் இரண்டாக வந்தது. ஒன்று, ஊருக்குத் திரும்பும் கப்பல் வருகிறது, சில இருக்கைகள் உண்டு. இரண்டு, வளையத்தில் தாங்குதிறன் ஓட்டம் நடக்கும், எல்லோரும் கலந்துகொள்ள வேண்டும். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டவர்கள் ஆட்கள்தான். ஓடி ஜெயித்தவனுக்குத்தான் கப்பல் என்று சாப்பாட்டுக் கூடத்தில் யாரோ சொன்னார்கள். மாலைக்குள் அது எல்லோருக்கும் தெரிந்த உண்மையாகிவிட்டது. யாரும் சாருமதியிடம் போய்க் கேட்கவில்லை. உப்பளத்தில் கங்காணியிடம் எதற்கு என்று கேட்டவரை மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். விசில் அடிக்கும் முன்னால் உட்கார்ந்தவரையும் கூப்பிட மாட்டார்கள். அந்தப் படிப்பு எல்லோர் எலும்பிலும் இருந்தது.

முத்துப்பேச்சிக்கு அந்தக் கப்பல் வேண்டும். அவள் புறப்பட்டபோது மகன் இடுப்பில் இருந்தான். தங்கை வளர்க்கிறாள். போன முறை திரையில் வந்தபோது, பையன் கைகட்டி நின்று, "நல்லா இருக்கீங்களா? சாப்டீங்களா?" என்று கேட்டான். பெற்ற தாயை நீ, வா, போ என்று கூப்பிடுகிற ஊர் அது. அந்த மரியாதையைக் கேட்ட அன்று அவளால் வாருபலகையைப் பிடிக்க முடியவில்லை. இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது வருவதற்குள் அவனுக்கு மீசை முளைத்துவிடும். மீசை முளைத்தவனுக்குத் தாய் எதற்கு?

ஓட்டத்துக்குத் தூரம் கிடையாது. எப்போது முடியும் என்று சொல்ல மாட்டார்கள், அதுதான் சோதனை. சுழற்சியின் திசையிலேயே ஓட வேண்டும். எதிர்த்திசையில் ஓடினால் எடை குறையும், சேர்ந்து ஓடினால் கூடும். நிர்வாகம் கூடும் பக்கத்தைத் தேர்ந்தெடுத்திருந்தது. சுவர் நெடுகச் சிவப்புக் கைப்பிடிகள். முடியாதவர் ஒன்றை இழுத்தால் பக்கத்தில் கதவு திறக்கும். உள்ளே கட்டில், தண்ணீர், போர்வை.

ஆட்களோடு ஊக்கி என்ற இயந்திரமும் உருண்டு வந்தது. ஓடுபவரின் காதருகே நல்வார்த்தை சொல்வது அதன் தொழில்.

"வலி என்பது தகவல் மட்டுமே. நீங்கள் அதைவிடப் பெரியவர்" என்றது.

"தள்ளிப் போ எளவே, கால்ல ஏறிராத" என்றாள் முத்துப்பேச்சி.

சமையற்கட்டுத் தாவீது முதல் சுற்றிலேயே கைப்பிடியிடம் போனான். "கப்பலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கட்டிலப் பாத்தியளா, என்ன அழகா விரிச்சு வச்சிருக்கான்!" என்று சொல்லி இழுத்துவிட்டு உள்ளே போனான். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க மூச்சு இருந்த நேரம் அது.

பிறகு சிரிப்பு நின்றது. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. ஓடுகிறவர்களுக்கு ஓட்டத்திலேயே தண்ணீர் கொடுத்தார்கள், ஓட்டத்திலேயே கஞ்சி. முத்துப்பேச்சியின் கால் நகம் ஒன்று காலணிக்குள் கழன்று குத்தியது. அவள் மகனின் முகத்தை நினைக்க முயன்றாள். கொஞ்ச நேரத்தில் அதுவும் கலைந்து, அடுத்த அடி மட்டும் மிச்சமிருந்தது. முன்னால் ஐகோர்ட்துரை போய்க்கொண்டிருந்தான். அது ஓட்டமில்லை. விழப்போவதும் விழாமல் காலை எடுத்து வைப்பதுமாக ஒரு போக்கு.

திடீரென்று சுவர்ப்பக்கம் ஒதுங்கிக் கையை நீட்டினான்.

அவள் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏல, கைய எடு!"

"விடுக்கா. முடியல எக்கா. சத்தியமா முடியல."

"யாருக்குல முடியுது? எனக்கு முடியுதா? உங்க அம்மயப் பாக்கணுமா, வேண்டாமா?"

"பாக்கணும்."

"அப்பம் ஓடு."

"ராயப்பன் கூப்பிடுதான்க்கா. காதுல கேட்டுகிட்டே இருக்கு. இந்தக் கட்டில்ல படுத்துட்டா..."

"படுத்துட்டா இங்கனயே கெடக்க வேண்டியதுதான். அவன் கூப்பிட்டா, வாரேன், ஊருக்குப் போயிட்டு வாரேன்னு சொல்லு. ஓடுல சவத்து மூதி!"

தன் இடுப்பில் கட்டியிருந்த துண்டை உருவி, ஒரு முனையை அவன் இடுப்புப் பட்டையில் முடிந்தாள். மறுமுனையைத் தன் தோளில் போட்டு இழுத்தாள். ஏற்கெனவே கூடியிருந்த அவள் கனத்தோடு அவனுடையதும் ஏறியது. வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் பிறப்பை, வளர்ப்பை, உப்பளத்தில் அவன் அப்பன் வாரிய வாரலை, எல்லாவற்றையும் இழுத்துப் பேசினாள். அழுதுகொண்டே ஓடியவன் கொஞ்ச தூரத்தில் அழுகையை நிறுத்தினான். பிறகு அவனே திட்ட ஆரம்பித்தான். பிறகு துண்டு தொய்ந்தது. அவளுக்குச் சமமாக வந்துவிட்டான்.

"மிகச் சிறப்பு!" என்றது ஊக்கி. ஐகோர்ட்துரை அதை எட்டி உதைத்தான். ராயப்பன் செத்ததற்குப் பிறகு அவன் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை.

ஓட்டம் முடிந்தது என்று மணி அடித்தபோது வளையத்தில் சிலரே இருந்தார்கள். இருவரும் தரையில் விழுந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அன்று ஐகோர்ட்துரை இரண்டு தட்டு சோறு தின்றான். படுத்தவன் எழுப்பும்வரை தூங்கினான்.

மறுநாள் கூடத்தில் சாருமதி பெயர் வாசித்தார். முதல் பெயர், தாவீது.

தாவீதுக்கே நம்பிக்கை வரவில்லை. "மேடம், நான் ஓடலையே" என்றான்.

"அதனாலதான்" என்றார் சாருமதி. "தாங்க முடியாதவங்களை இங்க வெச்சிருக்கிறது பாவம் இல்லையா? அவங்களுக்கும் ஆபத்து, கூட இருக்கிறவங்களுக்கும் ஆபத்து. முதல்ல கைப்பிடியை இழுத்தவங்களுக்கு முதல்ல கப்பல்."

தாவீது மெல்ல உட்கார்ந்தான். வெட்கப்படுவதா சந்தோஷப்படுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

முத்துப்பேச்சி கூட்டம் கலையும்வரை நின்றாள். பிறகு சாருமதியின் மேசைக்குப் போனாள்.

"முன்னாலயே சொல்லிருக்கலாம்லா மேடம்?"

"சொன்னா எல்லாரும் நடிச்சிருப்பீங்க. அளவு எப்படிக் கிடைக்கும்?"

"சரி, என் விதி அது. அந்தப் பய ஐகோர்ட்ட அனுப்புங்க. அவன் இழுக்கத்தான் போனான். நாந்தான் கையத் தட்டிவிட்டேன். நான் துண்டு கட்டி இழுத்துட்டுப் போனேன். அது அவன் ஓட்டமே இல்ல."

சாருமதி கெட்டவர் இல்லை. அவரும் இரண்டு கப்பல்களை விட்டவர்தான். திரையைத் திருப்பிக் காட்டினார். ஐகோர்ட்துரையின் கோடு ஓட்டத்தின் தொடக்கத்தில் தரையோடு கிடந்தது. துண்டு கட்டிய இடத்திலிருந்து ஏறத் தொடங்கி, முடிவில் முத்துப்பேச்சியின் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றது.

"உண்மையைச் சொல்லணும்னா ஓட்டத்துக்கு முன்னாடி கப்பல் பட்டியல்ல முதல் பெயரே அவரோடதுதான். இப்ப பாருங்க, நல்லா ஆயிட்டார். தூங்குறார், சாப்பிடுறார். எங்களால செய்ய முடியாததை நீங்க செஞ்சிருக்கீங்க. குணமான ஆளை நோயாளின்னு சொல்லி எப்படி அனுப்ப முடியும்?"

"அவன் அம்ம காத்துட்டுக் கெடப்பா மேடம்."

"இப்ப அவரால அதைத் தாங்க முடியும்" என்றார் சாருமதி. ஆறுதலாகத்தான் சொன்னார். "நீங்களும் தாங்குவீங்க. உங்க அளவுதான் எல்லாரையும்விட அதிகம்."

பிறகு, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, மிச்சத்தையும் சொன்னார். கப்பலில் போகிறவர்களின் பங்கு வேலையை ஓடி முடித்தவர்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். வடக்குக் குழிக் கூரைக்கு முட்டுக் கொடுக்கும் திட்டம் கைவிடப்பட்டது. உரம் ஏறிய ஆட்கள் இருக்கும்போது அந்தச் செலவு தேவையில்லை என்று மேலே முடிவெடுத்துவிட்டார்கள். திங்கள் முதல் குழி திறக்கும்.

முத்துப்பேச்சி அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழும்பி, பழகிய காலைப்போல் அடுத்த அடியை எடுத்து வைத்து, உள்ளேயே போய்விட்டது. மகனுக்குச் செய்தி அனுப்பும் அறையில் உட்கார்ந்து, இந்த முறை வரவில்லை என்று நேராகச் சொன்னாள். குரல்கூட நடுங்கவில்லை. அது அவளுக்கே பயமாக இருந்தது.

கப்பல் போனது. ஏறும்போது தாவீது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க மவன நேர்ல போய்ப் பாக்கேன்க்கா" என்றான். நல்லவன். ஆனால் ஒரு கைப்பிடியை இழுப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாதவன்.

வடக்குக் குழியில் முதல் நாள், வாயிலில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஐகோர்ட்துரை நின்றான். கூரை விரிசலில் பனிப்பொடி உதிர்ந்துகொண்டிருந்தது. ராயப்பன் கிடந்த இடத்தைப் பார்த்தான். தாண்டி நடந்தான். வார ஆரம்பித்தான்.

"ஏல ஐகோர்ட்டு" என்றாள் அவள்.

"என்னக்கா?"

"அன்னைக்கு எனக்குத் தெரியாதுல."

"தெரியும்க்கா. மேடம்கிட்ட கேட்டுட்டு வந்து தாவீது சொன்னான், பட்டியல்ல மொத பேரு என் பேருதான்னு." வாருவதை நிறுத்தாமலே பேசினான். கோபமில்லை, சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிற குரல். "எனக்கு ஒரு கப்பல் தரணும் நீ."

"தாரேன்" என்றாள் முத்துப்பேச்சி.

எங்கிருந்து தருவாள்? இருவரும் குனிந்து வாரினார்கள். அவனை ஊரில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்க வேண்டிய ஒரு பயணத்தை முத்துப்பேச்சி அவனுக்குக் கடன்பட்டிருக்கிறாள். அது இன்னும் தீரவில்லை.