வீட்டில் இல்லாத பழம்

“அக்கா, உனக்கு ஒண்ணும் பண்ணாதே?” ரத்தம் கொடுக்கப் படுத்திருந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு தங்கை கேட்டாள். தங்கைக்கு அப்போது ஐந்து மாதம். உடம்பில் ரத்தமே இல்லை, ஏற்றியாக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

“எனக்கென்னடி, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்.”

அது மழைக்கு முன்பு. இப்போது சில நாட்களாக வீட்டில் பழம் அழுகுகிற வாசனை. இனிப்பாக, ஈரமாக, தொண்டையில் ஒட்டிக்கொண்டு போக மறுக்கிற வாசனை. அலமாரி, கூடை, கட்டிலடி எல்லாம் அக்கா தேடிவிட்டாள். வீட்டில் பழமே இல்லை. தங்கை பகலெல்லாம் தூங்கினாள். மாசமாக இருந்தால் அப்படித்தான் என்றார்கள்.

அக்காவுக்கு ரத்த வங்கியின் சோதனைக்கூடத்தில் வேலை. ஹெபடைடிஸ் ஈ என்ற கல்லீரல் கிருமியை அங்கே வழக்கமாகத் தேடுவதில்லை. தானம் கொடுத்தவர்களில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது என்று பார்க்க, உறையவைத்த பழைய மாதிரிகளை இப்போது எடுத்திருந்தார்கள். பலருடைய ரத்தத்தையும் சொட்டுச் சொட்டாக ஒரே குழாயில் கலப்பார்கள். அதில் கிருமி தெரிந்தால், அதில் யாருடைய ரத்தம் கலந்ததோ அவர்களை ஒவ்வொருவராகச் சோதிப்பார்கள்.

“இத்தனை பேருக்கா! ஒருத்தருக்குத் தும்மல்கூட வரலையே,” என்று சிரித்தார் மூத்த பரிசோதகர். “நல்லா இருக்கிறவங்களை அது ஒண்ணும் பண்ணாதும்மா. புள்ளத்தாச்சிக்குள்ள போனாத்தான் வம்பு. கல்லீரலே செத்துப்போயிடும், புத்தியும் தடுமாறிடும்.”

அன்று மாலை அகப்பட்ட குழாய் அக்காவுடையது, மழைக்கு முன்பு தங்கைக்கு ஏற்றிய ரத்தம்.

கையைக் கழுவினாள். தண்ணீர் சூடா குளிரா என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, வீட்டுக்கு வண்டி அனுப்பச் சொன்னாள். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது.

வீட்டுக்கதவைத் திறந்ததும் வாசனை. இருட்டு. கட்டில் விளிம்பில் தங்கை உட்கார்ந்திருந்தாள். அக்கா குனிந்தாள்.

வாசனை தங்கையின் மூச்சில் இருந்தது.

விளக்கைப் போட்டாள். வெள்ளை விளக்கு. கண்கள் மஞ்சள்.

“என்னடி, என்னைத் தெரியுதா?”

சுவரைப் பார்ப்பது போலத் தங்கை பார்த்தாள். அக்கா அவள் வயிற்றில் கை வைத்தாள். குழந்தை எப்போதும் உதைக்கும். உதைக்கவில்லை.

தங்கை எழுந்தாள். தெருமுனையில் வண்டியின் வெளிச்சம் திரும்பியது. அக்காவின் கால் நகரவில்லை. யாரோ கூப்பிட்டது போல, வெறுங்காலோடு, வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி, வெளிச்சம் வராத பக்கமாகத் தங்கை நடந்து போனாள்.