சட்டையில் எலுமிச்சை வாசனை!

பிணத்திடமிருந்து எலுமிச்சை வாசனை வந்தது!

தாராவி. மதியம் இரண்டு மணி. இஞ்சி எண்ணெய் வடிக்கும் பட்டறை.

முதலாளி பிரம்மநாயகம் மண்டை பிளந்து கிடந்தார். சுற்றிலும் உடைந்த கண்ணாடி. சட்டையெல்லாம் எண்ணெய்.

இன்ஸ்பெக்டர் வந்தனா நிமிர்ந்தாள். எண்ணெய் வடிக்கும் இசக்கி சுவரோடு ஒட்டி நின்றான்.

"கொலை நடந்த பதினோரு மணிக்கு எங்கே இருந்தே?"

"மேல என் ரூம்லம்மா... தனியாத்தான்."

"யார் பாத்தா?"

"யாரும் பாக்கல."

"பக்கத்து ரூம்ல?"

"பன்னெண்டு வருசமா இருக்கேன். என் பேரு கூட அவுகளுக்குத் தெரியாது."

"கான்ஸ்டபிள்! விலங்கை எடு!"

இசக்கி கையை நீட்டினான். மறுத்தால்தான் கேட்க யார் இருக்கிறார்கள்?

வாசலில் நிகில். செம்பூரில் லேப் வைத்திருப்பவன். பிரம்மநாயகத்தின் எண்ணெயைச் சோதித்துக் கொடுப்பவன்.

"நீங்க எங்கே இருந்தேள்?"

"லேப்ல, மேடம். நேத்து இவர் குடுத்த சுக்கு எண்ணெயை டெஸ்ட் பண்ணிண்டிருந்தேன். பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் மெஷினை விட்டு நகரலை. ரிப்போர்ட்ல டைம் இருக்கு, பாருங்கோ!"

வந்தனா வாசித்தாள்.

"ஜிஞ்சிபெரின் முப்பத்தாறு சதவீதம்... சிட்ரால் ஒண்ணு..."

"ஒண்ணா?"

இசக்கியின் குரல்!

"சுக்குன்னு சீட்டு ஒட்டுன குப்பிதானே, தம்பி?"

"அதேதான்!"

"அதுல இருந்தது சுக்கு எண்ணெயே இல்லம்மா! பச்சை இஞ்சி! நாந்தான் வடிச்சேன்!"

"என்ன உளர்றே?"

"இவரு சோதிக்காமலே பழைய ரிப்போர்ட்டையே திருப்பித் திருப்பிக் குடுக்காருன்னு அண்ணாச்சிக்குச் சந்தேகம். அதான் சீட்டை மாத்தி ஒட்டிக் குடுத்தாரு. பச்சை இஞ்சி எண்ணெயில சிட்ரால் நெறைய இருக்கும்லா... இஞ்சி காயக் காயக் கொறைஞ்சிரும். எலுமிச்சை வாசமே அதுதாம்மா!"

வந்தனா பிணத்தின் சட்டையைப் பார்த்தாள்.

"அந்த எண்ணெய் வேற எங்கயாவது இருக்கா?"

"இங்க எப்பவும் சுக்குதாம்மா. பச்சை இஞ்சியில அந்த ஒரு குப்பிதான் வடிச்சோம்."

"அப்போ நிகில்... செம்பூர் மெஷின்ல இருந்த குப்பி, தாராவியில எப்படி உடைஞ்சுது?"

நிகில் ஓடினான்!

நாலே அடி. கான்ஸ்டபிளின் கால் குறுக்கே வந்தது.

"பொய் ரிப்போர்ட்னு ஊர் பூரா சொல்லிடுவேன்னார் மேடம்... என் லேப்பே போயிடும்..."

விலங்கு கை மாறியது.

"இசக்கி, கோர்ட்டுக்குச் சாட்சி சொல்ல வரணும். வருவேளா?"

"என்னைய ஒருத்தர் ஒரு எடத்துக்குக் கூப்பிட்டுப் பன்னெண்டு வருசமாச்சும்மா... ஜட்ஜுக்கு முந்தியே வந்துருதேன்!"