ஆறு வருடம் பூட்டி வைத்த டிஸ்க்

பீரோவின் உள்ளறையில் ஆறு வருடம் கிடந்த ஹார்டு டிஸ்க், கையில் எடுத்தபோது வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று லிஃப்ட் மெக்கானிக் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பீரோ நின்ற சுவரில் எந்தக் காலத்திலும் வெயில் பட்டதில்லை. இருந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

சமையலறையில் மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். காலையில்தான் கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"என்னங்க, பாப்பா வீடியோ எல்லாம் எடுத்து வெச்சீங்களே. இப்ப பாத்தா தாங்கிப்பேன்னு தோணுது. போட்டுக் காட்டறீங்களா?"

பாப்பா நாலு வயதில் காய்ச்சலில் போனாள். அதற்குப் பிறகு மனைவி போனில் அவளையே பார்த்துக்கொண்டு, சோறு தண்ணி இல்லாமல் சுவரோடு சாய்ந்து கிடந்தாள். இப்படியே விட்டால் இவளும் போய்விடுவாள் என்று பயந்து அவன் ஒரு காரியம் செய்தான். இவள் போன், தன் போன், மச்சான் போன் எல்லாவற்றிலும் இருந்த வீடியோக்களை இந்த ஒரே டிஸ்க்கில் கொண்டுவந்து போட்டான். காப்பி எடுக்கவில்லை, கட் செய்து ஒட்டினான். வேறு எங்கேயும் ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் பூட்டினான். ஒற்றைக் கயிற்றை நம்பி லிஃப்ட் ஓட்டக் கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற மகராசன், பெற்ற பிள்ளையை ஒற்றைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தான்.

கம்ப்யூட்டரில் செருகினான். டிஸ்க்கின் நீல விளக்கு எரிந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. கேபிளை மாற்றினான், முனையை ஊதினான், பக்கத்துப் போர்ட்டில் செருகினான், மேசைக்கு அடியில் தவழ்ந்துபோய்ப் பின்பக்கத்துப் போர்ட்டில் செருகினான், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். கடைசியில், இந்த டிஸ்க்கைப் புதிதாகத் தயார் செய்யட்டுமா, உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்று திரை கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சமையலறைக் குழாயின் ஓசைக்கும் மின்விசிறியின் முனகலுக்கும் அடியில், டிஸ்க்குக்குள்ளிருந்து, யாரோ மடக்கிய விரலால் தட்டுவதுபோல மூன்று தட்டு. பிறகு மௌனம். மறுபடி மூன்று. மறுபடி மௌனம். பதினெட்டு வருடமாக லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கிறவனுக்கு அந்தத் தாளம் நன்றாகத் தெரியும். பழுதான இயந்திரம் விடாமல் தட்டும். மனிதர்கள்தான் தட்டிவிட்டு நிறுத்துவார்கள், யாராவது வருகிறார்களா என்று கேட்பதற்காக.

கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டு, போனை டிஸ்க்கின் பக்கத்தில் பிடித்தான்.

"அண்ணே, மொதல்ல அதைப் புடுங்குங்க," என்றார் அவர். "உள்ள ஊசி மாதிரி ஒண்ணு இருக்கும். அது எல்லாம் பதிஞ்சிருக்கற வட்டத் தட்டுல உரசுது. ஓடுற ஒவ்வொரு நிமிஷமும் உள்ள இருக்கறதச் சுரண்டிக்கிட்டே இருக்கும். போனது போனதுதான்."

"ஒரே ஒரு தடவ தொறந்து பாத்துட்டு..."

"பாக்கறதும் சுரண்டறதும் இப்ப ஒண்ணுதாண்ணே. நாளைக்குக் கொண்டு வாங்க."

கேபிளைப் பிடுங்கினான். நீல விளக்கு அணைந்தது.

தட்டல் நிற்கவில்லை.

மின்சாரம் இல்லாத பெட்டி, மேசைமேல் தனியாகக் கிடந்தபடி தட்டியது. மூன்று தட்டு, மௌனம். குனிந்து காதை வைத்தான். நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையின் வாடை வந்தது. அதற்குள் மெலிதாக, தூங்கி எழுந்த குழந்தையின் தலை வேர்வை வாடை. தொழில் பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது.

"பயப்படாதீங்க. வந்துட்டேன்."

ஒரு கணம் அமைதி. பிறகு உள்ளே படபடவென்று தட்டல், ஆள் சத்தம் கேட்டுவிட்டவர்கள் தட்டுவதுபோல, இரண்டு கையாலும், நிறுத்தாமல்.

அவன் கேபிளைத் திரும்பச் செருகினான். வேறு என்ன செய்வான்?

இந்தத் தடவை திரையில் பட்டியல் வந்தது. எல்லா வீடியோவுக்கும் தேதிதான் பெயர். கடைசித் தேதி எது என்று அவனுக்கு மனப்பாடம், ஆஸ்பத்திரியில் சேர்த்ததற்கு முந்தின நாள். பட்டியல் அங்கே முடியவில்லை. அதற்கு அடுத்த மாதம் இருந்தது. அடுத்த வருடம் இருந்தது. இறங்கிக்கொண்டே போய் இன்றைய தேதியில் நின்றது.

அடுத்த மாதத்தைத் திறந்தான். இருட்டு. ஒரு குழந்தை அம்மாவைக் கூப்பிட்டு அழுதது. மூன்று வருடம் கழித்து ஒன்றைத் திறந்தான். அதே இருட்டு. குரல் வளர்ந்திருந்தது. அழவில்லை, தட்டியது.

இன்றைய தேதியைத் திறந்தான்.

கம்ப்யூட்டரின் வெளிச்சம்தான் உள்ளே விழுந்திருக்க வேண்டும். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, தன் அளவுக்குப் போதாத இடத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண் கூசிப் பார்த்தாள். மனைவியின் மோவாய். அவனுடைய காது.

"அப்பாவா?"

படத்தின் குறுக்கே ஒரு கோடு ஓடியது, நகத்தால் கீறியதுபோல. அவள் நெற்றியின்மேல் ஓடியது. ஓடின இடத்தில் நெற்றி இல்லை. அவள் அலறினாள்.

பாக்கறதும் சுரண்டறதும் ஒண்ணு.

கேபிளில் கை வைத்தான்.

"புடுங்காதப்பா. இருட்டா இருக்கு."

கையை எடுத்தான். இன்னொரு கோடு. கை வைத்தான். எடுத்தான். இன்னொரு கோடு.

குழாய்ச் சத்தம் நின்றிருந்தது. ஈரக் கையோடு மனைவி பின்னால் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. அவள் கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கேபிளிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள்.

"பாக்கப் பாக்க அழியறாடி. நிறுத்தணும்."

"நிறுத்திட்டு? திரும்பவும் பீரோவுலயா?"

வீடியோ முடிந்தது. மனைவி மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். முடிந்தது. மறுபடி.

அலறல் நின்றுவிட்டது. அலற வாய் இல்லை.

"எவ்ளோ வளந்துட்டா, பாத்தீங்களா?" என்றாள் மனைவி. ஆறு வருடத்தில் முதல் முறையாகச் சிரித்தாள்.

திரையில் மிச்சமிருந்த ஒற்றைக் கண் அம்மாவையே பார்த்தது. வெளிச்சத்தை மறைக்கச் சிறுமி கையைத் தூக்கினாள். அதில் இரண்டு விரல்கள் இருந்தன. மனைவி மறுபடி அழுத்தினாள்.