நரி உயரம்

மதியம் காட்டிலிருந்து கழற்றி வந்த ஏழாம் கேமராவின் மெமரி கார்டைக் கணினியில் செருகியபோது, முதல் படத்திலேயே சிலேட்டு தெரிந்தது. காட்டு வேலைக்கு உதவியாக இருந்த அடைக்கலம் இறந்து பதினெட்டு நாளாகிறது. அதற்குப் பிறகு வைஷ்ணவி எந்தக் கேமராவின் முன்னாலும் சிலேட்டு காட்டவில்லை.

தைல மரக்காட்டு நரிகளை ஆராய அவள் வல்லத்திராக்கோட்டைக்கு வந்த நாள் முதல் அது அவருடைய வேலை. கேமராவை மரத்தடியில் கட்டியதும், நரியின் உயரத்துக்குப் படம் விழுகிறதா என்று பார்க்க, தேதி எழுதிய சிலேட்டைப் பல்லில் கவ்விக்கொண்டு அதன் முன்னால் நாலு காலில் தவழ்வார். "பொண்ணு பாக்கப் போனப்பகூட இம்புட்டு போட்டோ எடுக்கல, பாப்பா" என்று எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டுவார்.

பன்றிக்காகக் கடலைக்கொல்லை ஓரம் இழுத்திருந்த கரண்டுக் கம்பி, அவர் இறப்பதற்கு மூன்று வாரம் முன்பே ஒரு படத்தில் விழுந்திருந்தது. வெளியே சொன்னால் கொல்லைக்காரர் உள்ளே விடமாட்டார். நாலு மாத ஆய்வு போய்விடும். அடைக்கலத்திடம்கூட அவள் சொல்லவில்லை. பேட்டரி மாற்றப் போனவர் தவழ்ந்துபோய் அந்தக் கம்பிமேல் கை வைத்தார். போலீஸ் கேட்டபோது, "தெரியாதுங்க சார்" என்றாள். படத்தை அழித்தாள்.

இன்று காலை அவர் மனைவி செவந்தி அந்தச் சிலேட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "அங்கிட்டு கம்பி கெடக்குன்னு யாராச்சும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்த மனுசன் இருந்திருப்பாருல்ல, பாப்பா?"

காபி போடட்டுமா என்று கேட்டாள் வைஷ்ணவி.

இரண்டாம் படத்தில், உரிந்த பட்டைகள் தொங்கும் தைல மரங்களுக்கிடையே, புழுதி படிந்த பனியனும் தாழ்ந்த முதுகுமாக ஓர் உருவம் தவழ்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் மூன்று நரிகள், தங்களில் மூத்தது ஒன்றைத் தொடர்வதுபோல அவசரமில்லாமல் வந்தன. அடுத்ததில் கண்மாய்க் கரை. அங்கே அவள் கேமரா கட்டியதே இல்லை. அடுத்ததில் அவள் தெரு. அடுத்ததில் அவள் வீட்டின் நீலக் கதவு. இன்றைய தேதி. மாலை ஆறு பத்து.

இப்போது மணி ஆறு பதினொன்று.

தைல இலையின் நெடி வந்தது. கருகிய மயிரின் நெடியும். மேசையைப் பார்த்தாள். சிலேட்டு இல்லை.

கடைசிப் படம். தரையோடு எடுத்தது. நாற்காலிக் கால்கள். அவளுடைய வெறுங்கால்கள்.

பின்னால், டக். சிலேட்டின் சட்டம் தரையில் இடிக்கும் சத்தம்.

டக்.

திரும்பினாள்.

நரியின் உயரத்தில் இரண்டு கண்கள், இரவுப் படங்களில் எரிவதுபோல வெள்ளையாக எரிந்தன. பற்களுக்கிடையே சிலேட்டு. தேதி எழுதும் இடத்தில் அடைக்கலத்தின் கோணல் எழுத்து:

பாப்பாவுக்குத் தெரியும்.