சில்லறை தாங்கும் பை

"ஐயோ, என் கால் போச்சு!" என்று கத்தினார் நிமாய் மாமா.

கால் எங்கும் போகவில்லை. அவர் தூக்கிய சாக்கின் அடிதான் பிய்ந்து, சில்லறை முழுவதும் அவர் பாதத்தில் கொட்டியிருந்தது. மண் தரையில் உப்பு ஈரத்திலேயே கிடந்த சணல் சாக்கு மக்காமல் என்ன செய்யும்?

எல்லாம் லாபொனியின் பாபா, அதாவது அப்பா, படகோட்டிச் சேர்த்த காசு. ஆற்றைக் கடப்பவர்கள் சில்லறையாகத்தான் கொடுப்பார்கள். கடைக்காரர்களோ சில்லறையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதனால் அது வீட்டிலேயே குவிந்துவிட்டது. சித்திரைப் புயல் பாபாவையும் படகையும் ஒன்றாகக் கொண்டுபோனது. சில்லறை மட்டும் மிஞ்சியது.

படகு கட்டும் மொஃபிஸ் சாச்சா மட்டும் ஒரு பழைய படகுக்கு விலையாகச் சில்லறையை வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருந்தார். "இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் காத்திருப்பேன். அப்புறம் அந்தப் பழைய படகு வேற ஆளுக்குப் போயிடும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

படகு கிடைத்தால் அம்மாவே ஓட்டிப் பிழைக்கலாம். கிடைக்காவிட்டால் அவள் நாளை கொல்கத்தாவுக்கு வீட்டு வேலைக்குப் போகவேண்டும். லாபொனியும் தம்பி பாபுனும் மாமா வீட்டில் இருக்கவேண்டும். அம்மாவின் தகரப் பெட்டி வாசலில் தயாராக இருந்தது. லாபொனி அந்தப் பக்கம் பார்க்காமலே நடமாடினாள்.

மாமா சிமெண்ட் பை ஒன்றைக் கொண்டுவந்தார். "இது இரும்பு மாதிரி!" என்றார். வெயிலில் காய்ந்து கிடந்த பை அது. பாதி நிரப்பித் தூக்கியதுமே சரசரவென்று நூல்நூலாகப் பிரிந்தது. அடுத்து பாபுனின் பள்ளிக்கூடப் பை. அதன் வார் அறுந்தது.

"உங்கப்பன் காசு சேர்த்தானா, நங்கூரம் சேர்த்தானா?" என்று மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். "கரை உடைஞ்சு கிடக்கு, வண்டி போகாது. சேத்துல நடந்து, மூங்கில் பாலத்தைத் தாண்டணும். பாதியில பை கிழிஞ்சா அத்தனையும் ஆத்துக்குத்தான்."

"ஒரே பையா எதுக்கு மாமா? சின்னச் சின்னதா இருந்தா ஆளுக்கு ஒண்ணு தூக்கலாமே" என்றாள் லாபொனி.

"துணி கெட்டியா இருக்கணுமே. உங்கம்மா புடவையைக் கிழிச்சா அது தாங்குமா?"

கெட்டித் துணி எங்கே இருக்கிறது என்று லாபொனிக்குத் தெரியும். நண்டு பிடிக்கக் காட்டுக்குள் போகும்போது பாபா ஒரு ஜீன்ஸ் கால்சட்டை போடுவார். முள்ளுக்கும் கிழியாது. அது இப்போது தகரப் பெட்டிக்குள் இருந்தது.

அவள் பெட்டியைத் திறந்தாள்.

"அதைத் தொடாதே!" அம்மா ஓடிவந்தாள். "அவரோடதுன்னு அது ஒண்ணுதான் இருக்கு."

"மா, இதை கொல்கத்தாவுக்கு எடுத்துட்டுப் போறியா?"

"ஆமா."

"இதைக் கூட்டிட்டுப் போறே. எங்களை விட்டுட்டுப் போறே."

சொன்ன பிறகு லாபொனிக்கே அழுகை வந்துவிட்டது. அம்மா கால்சட்டையை எடுத்து அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தானே வெட்டினாள். இடுப்புப் பகுதி போக, ஒவ்வொரு காலும் முழங்காலில் இரண்டாகி, நான்கு துண்டுகள் ஆயின.

லாபொனி வலை தைக்கும் நைலான் நூலை இரட்டையாகக் கோத்து, ஒவ்வொரு துண்டின் அடியையும் இரண்டு தடவை தைத்தாள். ஊசி விரலில் ஏறியது. அவள் நிறுத்தவில்லை.

நிரப்பி, வாயைக் கட்டி, மாமா முதல் பையைத் தூக்கி உலுக்கினார். ஒரு காசுகூடச் சிந்தவில்லை.

"பாபாவோட கால்!" என்றான் பாபுன். யாரும் சிரிக்கவில்லை. அவன் அதைக் கட்டிக்கொண்டான்.

சேற்றில் முழங்கால் வரை புதைந்து நடந்தார்கள். மாமா இரண்டு பைகள், அம்மா ஒன்று, லாபொனி ஒன்று. மூங்கில் பாலத்தின் நடுவில் லாபொனியின் கால் வழுக்கியது. பை மூங்கிலில் மோதி உரசியது. அவள் பையைத் தடவிப் பார்த்தாள். தையல் விடவே இல்லை.

இருட்டுவதற்குள் படகுத்துறையில் நின்றார்கள். மொஃபிஸ் சாச்சா பைகளை வாங்கிப் பார்த்தார். அவருக்கு அந்தக் கால்சட்டையைத் தெரியும். காசைக் கூடையில் கொட்டிக்கொண்டு, காலிப் பைகளை மடித்து அம்மாவிடமே கொடுத்தார். படகின் கயிற்றையும் கொடுத்தார்.

அம்மா துடுப்பைப் பிடித்தாள். அக்கரையில் இறங்கவேண்டிய கிழவர் ஒருவர் ஏறிக்கொண்டு, லாபொனியிடம் ஒரு காசை நீட்டினார். அவள் அதைப் பாபாவின் பைக்குள் போட்டாள்.

"திரும்பவும் நாலும் நிறைஞ்சிடுச்சுன்னா?" என்று கேட்டான் பாபுன்.

"அப்போ மாமாவோடதை வெட்டிக்கலாம்" என்றாள் லாபொனி.

நிமாய் மாமா தன் கால்சட்டையை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். அம்மா சிரித்துக்கொண்டே துடுப்பு போட்டாள்.