கூனன் மரத்தின் இரண்டு வரி

வாயாடி என்று எல்லோரும் கூப்பிடும் சிறுமிக்குத் தம்பி பிறந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. இன்னும் அவனுக்குப் பெயர் இல்லை.

காட்டில் வாழும் அவர்கள் குடியில் ஒரு முறை உண்டு. குழந்தையை அத்தை தூக்கிக்கொண்டு ஓடையிலிருந்து வீடு நோக்கி நடக்க வேண்டும். வழியில் ஒன்பது மரங்கள். ஒவ்வொன்றின்மீதும் கை வைத்து, அந்த மரத்துக்கு உரிய இரண்டு வரியைப் பாட வேண்டும். பாட்டு முடியும் ஒன்பதாவது மரத்தடியில்தான் பெயர் சொல்வார்கள். பாட்டு முடியாவிட்டால் பெயரும் கிடையாது.

போன மாதம் சாலை போடுவதற்காக அந்த வழியில் மூன்று மரங்களை வெட்டிவிட்டார்கள்.

முதல் மூன்று மரங்களுக்கு அத்தை கணீரென்று பாடினாள். நான்காவது இடத்தில் வெறும் அடிக்கட்டை. நீட்டிய கை அப்படியே நின்றது. வாயும் நின்றது.

"என்னக்கா?" என்றார் அப்பா.

"வரமாட்டேங்குதுடா. கூனன் மரத்தத் தொட்டாத்தான் வரி வரும். கட்டையத் தொட்டா கட்டைதான் ஞாபகம் வருது."

"தாண்டிப் போயிடலாமா?"

"தாண்டிப் போறதுக்கு இது என்ன பள்ளமா?" என்றாள் அத்தை. அம்மா தம்பியின் பாதத்தைத் தடவினாள்.

வாயாடி அடிக்கட்டைமேல் ஏறி முதுகை வளைத்தாள். ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி, இன்னொன்றைத் தலைக்குமேல் முறுக்கினாள்.

"அத்தை, கூனன் இப்படித்தானே நிப்பான்? தொட்டுப் பாருங்க."

"இன்னும் குனி. அவனுக்கு வயசு ஜாஸ்தி."

குனிந்தாள். அத்தை அவள் முதுகில் கை வைத்துக் கண்ணை மூடினாள். சற்று நேரத்தில் முதல் சொல் வந்தது. பின்னாலேயே இரண்டு வரியும் வந்துவிட்டன.

ஆறாவது இடத்திலும் கட்டைதான். அங்கே கூட வந்த சித்தப்பா பொந்து மரமாக வாயைப் பிளந்து நின்றார்.

"மரம் சிரிக்கக் கூடாது சித்தப்பா."

"ஈ உள்ள போயிடுச்சு" என்றது மரம்.

ஏழாவது இடத்தில் சித்தப்பாவின் மகள்கள் இருவரும் முதுகோடு முதுகு சாய்ந்து இரட்டை மரம் ஆனார்கள்.

ஒன்பதாவது மரம் நின்றுகொண்டிருந்தது. ஆனால் அதன் பட்டையில் சிவப்புச் சாயத்தில் ஓர் எண் இருந்தது. அடுத்து வெட்டப்போகும் மரங்களுக்கு அப்படித்தான் எழுதுவார்கள்.

"இதுக்கும் நான் நிக்கட்டுமா அத்தை?"

"அதுதான் நிக்குதே. அது பாட்டுக்கு நிக்கட்டும். நீ வந்து பாடு."

இந்த முறை எல்லோரும் மரத்தில் கை வைத்துப் பாடினார்கள். எண் தெரியாத அளவுக்கு அதன்மேல் கைகள் இருந்தன. பாட்டு முடிந்ததும் அத்தை பெயரைச் சொன்னாள்.

வீடு போய்ச் சேர்வதற்குள் ஆளுக்கு ஆள் அந்தப் பெயரை நாற்பது தடவையாவது கூப்பிட்டிருப்பார்கள். தம்பி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.